மழை நாளில் நிறைந்த பெட்டி

பூவம்மா ஈரத் துணிகளை உதறி உதறி நாற்காலி முதுகுகளில் போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசை நாற்காலிகள் தீர்ந்துபோய், சோபாவின் கையில் கணவனின் பனியன்களும், மடக்கு ஏணியில் இரண்டு நைட்டிகளும் ஏறியாகிவிட்டன. மிச்சம் ஒரு பெட்ஷீட். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி கூடத்தின் நடுவில் நின்றாள்.

துணி காயப்போட வழியில்லாத வீடு அல்ல அது. சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்கில் பதினோராவது மாடி, மேற்குப் பார்த்த வீடு. சமையலறைக்குப் பின்னால் உள்ள ஜன்னல் வழியாகக் கம்பை வெளியே நீட்டிவிட்டால் மத்தியான வெயிலில் ஜீன்ஸ்கூட மொறமொறவென்று காய்ந்துவிடும். ஆனால் அந்த ஜன்னலை இப்போது அழகப்பன் எடுத்துக்கொண்டுவிட்டார். கம்பிக்கு உள்பக்கம், நாலு மடிப்பாக விரியும் கருநீல சோலார் தகடு ஒன்றை நைலான் கயிறு போட்டு இறுகக் கட்டியிருந்தார். அதிலிருந்து இறங்கிய கறுப்பு வயர், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் இருந்த பெட்டிக்குள் போனது. ரைஸ் குக்கரைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. மேலே கைப்பிடி, முன்பக்கம் பிளக் செருகும் துளைகள், உள்ளே எவ்வளவு கரண்ட் சேர்ந்திருக்கிறது என்று காட்ட ஒரு சின்னத் திரை.

"என்னங்க, இந்த பெட்ஷீட்ட எங்க போட?"

"ஃபேனுக்குக் கீழ போடு. காஞ்சிரும்."

"ஃபேனுக்குக் கீழ நீங்கதான் உக்காந்திருக்கீங்க."

"அப்ப என் மேல போடு லா," என்றார் அழகப்பன், செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போட்டாள். பேப்பர், கண்ணாடி, ஆள் எல்லாவற்றையும் மூடிப் போட்டுவிட்டு அவள் பாட்டுக்கு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் பெட்ஷீட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவர் சிரித்து அவள் கேட்டு நாளாகியிருந்தது.

அழகப்பன் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்த நோயைக் கண்டுபிடித்தார்கள். தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்றார் டாக்டர். இனி ஒவ்வொரு ராத்திரியும் மூக்கில் ஒரு மூடியை மாட்டி, அதிலிருந்து நீளும் குழாயை எந்திரத்தில் சொருகிக்கொண்டுதான் படுக்க வேண்டும். எந்திரம் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். பழகிய பிறகு நிம்மதியாகத்தான் தூங்கினார். ஒரு தடவை வீட்டில் ஹீட்டர் பழுதாகி மெயின் சுவிட்ச் விழுந்து, எந்திரம் நின்று, அவர் மூடியைப் பிய்த்துப் போட்டுத் திணறி எழுந்த அன்றோடு போனது பூவம்மாவின் தூக்கம். இரைகிற எந்திரம் நின்றால் எழுந்துவிடும்படி அவள் காது தானாகவே பழகிக்கொண்டது. பகலில் பாலர் பள்ளிச் சமையலறையில் கேரட் வெட்டும்போது நின்றபடியே கண் செருகும். "ஆன்ட்டி, கத்தி, கத்தி!" என்று கூட வேலை செய்கிற பெண் கத்துவாள்.

அதற்குப் பிறகு மூன்று வருடமாக அவள் ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. அவரும் எங்கும் வர மாட்டார். அதற்குக் காரணம் ஈப்போ.

மலேசியாவில், ஈப்போவில் பூவம்மாவின் தங்கை இருக்கிறாள். எந்திரம் வந்த புதிதில், அதையும் தூக்கிக்கொண்டு அங்கே ஒரு தீபாவளிக்குப் போயிருந்தார்கள். விடிந்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த வாண்டுகள், மூக்கில் குழாய் தொங்கப் படுத்திருந்த அழகப்பனைப் பார்த்துவிட்டு, "பிள்ளையார் தாத்தா! பிள்ளையார் தாத்தா!" என்று தெருவரை ஓடிக் கூவின. வீடே சிரித்தது. அழகப்பனும் சிரித்தார். சாப்பிட்டார், எல்லார் கையிலும் உறையில் பணம் வைத்து அங் பாவ் கொடுத்தார், அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார். அதன் பிறகு யார் வீட்டிலும் அவர் படுத்ததில்லை.

தங்கை மகள் சிவானியின் கல்யாணமும் அப்படித்தான் போனது. சிவானி சிங்கப்பூரில் பாலிடெக்னிக் படித்த காலமெல்லாம் இந்த வீட்டில்தான் இருந்தாள். பூவம்மா அவளுக்குத் தலை பின்னி, சம்பல் அரைத்துக் கொடுத்து, காதல் விவகாரத்தை அவள் அம்மாவுக்குத் தெரியாமல் காப்பாற்றியவள். அவள் கழுத்தில் தாலி ஏறியதைப் பூவம்மா பார்த்தது கைபேசியில். மசாலா டின்மேல் அதைச் சாய்த்துவைத்து, வெங்காயம் உரித்தபடியே பார்த்தாள்.

இப்போது சிவானிக்கு ஏழாம் மாதம். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு.

"அக்கா, மொத வளையல் நீதான் போடணும்னு அவ ஒத்தக் கால்ல நிக்கிறா," என்றாள் தங்கை போனில். "இந்தத் தடவையும் டிவி பாக்குற மாதிரி பாத்தேன்னு வையி, அப்புறம் நான் உன்கூடப் பேசவே மாட்டேன்."

"வர்றேன்டி," என்றாள் பூவம்மா. சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, சொல்லிவிட்டோம் என்று.

அவள் அப்படிச் சொல்ல முடிந்தது அந்தப் பெட்டியால். மார்சிலிங்கில் இருக்கிற மகள் ரக்ஷனா வாங்கி வந்தது. "அப்பாவுக்கு பேக்கப், அம்மாவுக்குத் தூக்கம்," என்று மேசைமேல் தூக்கிவைத்தாள். "வீட்டுல கரண்ட் போனாலும் மெஷின் நிக்காது. எம்டி ஆச்சுன்னா ஜஸ்ட் சுவத்துல ப்ளக் பண்ணுங்க, ஃபுல் ஆயிடும். இந்த சோலார் பேனல் கூட வந்துச்சு, கேம்பிங் போறவங்களுக்கு. உங்களுக்கு வேணாம், ஸ்டோர்ல போட்டுருங்க."

வேண்டாம் என்று அவள் சொன்னதைத்தான் அழகப்பன் முதலில் கையில் எடுத்தார்.

"வெயில சும்மா விட்டுட்டு சுவத்துல போடுறதா? நல்லாருக்கே கத. மேக்க பாத்த வீட்ட வாங்கிட்டேன்னு உங்க மாமா எத்தன வருஷம் சிரிச்சாரு! மத்தியானத்துல நம்ம வீட்டு டைல்ஸ்ல அப்பளம் பொரிக்கலாம்னாரு. இப்ப வரச் சொல்லு அவர."

அன்றிலிருந்து அது ஒரு நோன்பு மாதிரி ஆகிவிட்டது. சுவர் பிளக்கில் பெட்டியைச் செருகக் கூடாது. செருகினால் அது சோலார் இல்லை, ஏமாற்று. மத்தியானம் வெயில் ஜன்னலில் இறங்கியதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிடுவார். திரையில் எண் ஏறுவதை, பழைய பஸ்ஸில் இன்ஜின் சூட்டைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். ராத்திரி எந்திரத்தை அந்தப் பெட்டியிலேயே சொருகிப் படுப்பார். காலையில் இறங்கியிருக்கும், மத்தியானம் ஏறும்.

பக்கத்து வீட்டு ரஷீதா ஒரு தட்டில் கறிபஃப் எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தாள்.

"அண்ணே, இதுல ஏர்கான் ஓடுமா?"

"ஓடாது."

"வாஷிங் மெஷினு?"

"ஓடாது."

"கெட்டில்கூட ஓடாதா? அப்ப என்னதாண்ணே ஓடும்?"

"என் மூச்சு ஓடும்."

"அது போதும்ணே," என்று சொல்லிவிட்டு, தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் மழை பிடித்துக்கொண்டது. வானம் காலையிலிருந்து கழுவாத பாத்திரம் மாதிரி இருந்தது. மத்தியானம் எதிர் பிளாக்கே தெரியவில்லை. பெட்டியின் எண் இருந்த இடத்திலேயே நின்றது. அழகப்பன் தகட்டைத் துடைத்தார், கயிற்றை அவிழ்த்து வேறு சாய்வில் கட்டினார், பூவம்மாவின் பச்சை மிளகாய்த் தொட்டிதான் வெளிச்சத்தை மறைக்கிறது என்று அதைத் தூக்கி வெளி நடைபாதையில் வைத்தார். எண் அசையவில்லை.

"சுவத்துல ஒரு தடவ போடுங்களேன். யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்ல?"

சாயங்காலம் வழக்கம்போல் அவர் கீழே காப்பிக்கடைக்குப் போனார். பழைய பஸ் கூட்டாளி அப்துல் கையூம் அங்கே வருவார். இருவரும் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் ஆளுக்கொன்று வாங்கிவைத்துக்கொண்டு, இருட்டும்வரை ஓட்டிய ரூட்டையெல்லாம் திரும்ப ஓட்டுவார்கள். லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டதும் பூவம்மா பெட்டியைப் பார்த்தாள். வளைகாப்புக்கு அதிக நாள் இல்லை. இந்த எண் இப்படியே கிடந்தால் அவள் ஊருக்குப் போக முடியாது. பெட்டியோடு வந்த பிளக் வயரை எடுத்தாள், சுவரில் செருகினாள், சுவிட்சைப் போட்டாள். பெட்டி சின்னதாக உறுமியது. அவர் திரும்புவதற்குள் பிடுங்கி, வயரைச் சுற்றி, இருந்த இடத்தில் வைத்துவிட்டாள்.

"பூவு! இங்க வா, ஓடி வா!"

கையில் கரண்டியோடு போனாள்.

"ஃபுல்லு! இந்த மழையில ஃபுல்லு! மேகத்துக்குப் பின்னாலயும் வெளிச்சம் இருக்குல்ல, அத இழுத்துருக்கு பாரு. நான்தான் சொன்னேன்ல, சாய்வுலதான் விஷயம்."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். அவர் அந்தப் பெட்டியின் தலையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். டிப்போவில் கடைசி பஸ்ஸை நிறுத்தி இறங்கிய நாளுக்குப் பிறகு அவர் எதையும் அப்படித் தட்டிக்கொடுத்ததில்லை.

"ஆமாங்க," என்றாள்.

மழை பெய்த நாளெல்லாம் அப்படியே நடந்தது. அவளுக்கு அதில் பெரிய குற்ற உணர்ச்சி ஒன்றும் இல்லை. பெட்டி நிறைய வேண்டும், நிறைந்தது. எந்த வழியாக நிறைந்தால் என்ன?

வளைகாப்புக்கு முந்தின வாரம் சனிக்கிழமை, அவள் இல்லாமல் பெட்டி தாங்குகிறதா என்று ஒத்திகை பார்ப்பது என்று முடிவானது. மத்தியானச் சாப்பாடு முடிந்து அழகப்பன் மூடியை மாட்டிக்கொண்டு படுத்தார். பூவம்மா வாசலுக்கு மேலே இருந்த மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினாள். ஃபேன் சுற்றி ஓய்ந்தது. ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது. வீட்டுக்கு இத்தனை சத்தம் இருந்ததே அது போன பிறகுதான் தெரிந்தது. படுக்கையறையில் எந்திரம் மட்டும் அதே சீராக இரைந்துகொண்டிருந்தது. அழகப்பன் கண்ணை மூடியபடியே கையை உயர்த்தி, போ போ என்று ஆட்டினார்.

சாவியை ரஷீதாவிடம் கொடுத்துவிட்டு டௌன்டவுன் லைன் ரயிலில் ஏறினாள். லிட்டில் இந்தியாவில் இறங்கியபோது தூறல் விட்டிருந்தது. தேக்கா சந்தையைச் சுற்றிக்கொண்டு, கூட்டத்தில் தள்ளுப்பட்டு, வளையல் கடைக்குள் நுழைந்தாள்.

"கண்ணாடி வளையல் வேணும்மா. வளைகாப்புக்கு."

"பொண்ணு கை எப்படிம்மா? ஒல்லியா, குண்டா?" என்றாள் கடைக்காரப் பெண்.

"முன்னாடி ஒல்லி. இப்ப போட்டோவுல பாத்தா பன் மாதிரி இருக்கா."

"அப்ப ஒரு சைஸ் பெருசா எடுங்க. வீங்கியிருக்கும். போடும்போது உடைஞ்சா மாமியார் மூஞ்சி மாறும்."

"அவ மாமியார் மூஞ்சி இனிமே மாறுறதுக்கு ஒண்ணும் இல்ல."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று டஜன் டஜனாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கீறல் இருந்ததை ஒதுக்கி, நிதானமாக எடுத்தாள். பிறகு முக்குக் கடையில் நின்றபடி ஒரு டீ குடித்தாள். பாதி டீயில்தான் உறைத்தது: வீட்டில் ஒரு ஆள் தூங்குகிறார், அவர் மூச்சை யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, இவ்வளவு நேரம் அது அவள் நினைவிலேயே இல்லை. டீயை முடிக்காமல் வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே அழகப்பன் சட்டை போட்டுக்கொண்டு, தலை சீவிக்கொண்டு, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரில் அப்துல் கையூம். நடுவில் அந்தப் பெட்டி. அதில் செருகிய சின்ன மேசை ஃபேன் இரண்டு பேருக்கும் வீசிக்கொண்டிருந்தது.

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குனேன் பூவு! மெயின் இன்னும் ஆஃப்லதான் இருக்கு, பாத்துக்க."

"வாங்க தங்கச்சி," என்றார் கையூம். "உங்க வீட்டுக்காரரு பெரிய சயின்டிஸ்ட் ஆயிட்டாரு. மழையிலயே ஏறுதாமே இது!"

"எல்லாம் சாய்வுல இருக்கு," என்றார் அழகப்பன். "நாங்க முடிவு பண்ணிட்டோம். அடுத்த வெள்ளிக்கிழமை பாசிர் ரிஸ் கடற்கரை. கூடாரம் போட்டு ரெண்டு ராத்திரி. பர்மிட்டும் எடுத்தாச்சு."

கையூமுக்கும் அதே நோய், அதே எந்திரம், அதே குழாய். அவரும் வருடக் கணக்காக வீட்டுக்கு வெளியே படுத்ததில்லை. இரண்டு பிள்ளையார்கள் ஒரே கூடாரத்தில் படுத்தால் யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

"அடுத்த வெள்ளிக்கிழமையா? நான் ஈப்போ போறேனே."

"போயேன். யாரு வேணாம்னா? இத்தன நாளு நீ போகாததுக்கு என்ன காரணம்? என் மூச்சு. அதான் பெட்டி இருக்கே. பகல்ல அது பாட்டுக்கு ஏறும், ராத்திரி நாங்க ரெண்டு பேரும் சொருகிக்குவோம். நீ நிம்மதியா போயி வளையல் போட்டுட்டு வா."

மூன்று வருடமாக அவள் கேட்க நினைத்த வார்த்தை. அவள் கேட்காமலே வந்துவிட்டது. பூவம்மா வளையல் பையை மார்போடு அணைத்தபடி நின்றாள். பிறகு, "அண்ணே, டீ போடவா?" என்று கேட்டுவிட்டு, மெயின் சுவிட்சை மேலே தள்ளினாள்.

அந்த வாரம் முழுக்க மழை. அழகப்பன் ஸ்டோரிலிருந்து பழைய கூடாரத்தை எடுத்துப் பூஞ்சணம் துடைத்தார். ரக்ஷனா சின்னப் பெண்ணாக இருந்தபோது ஜூன் விடுமுறையில் கொண்டுபோன கூடாரம். பூவம்மா சாயங்காலந்தோறும் சுவரில் செருகினாள், பிடுங்கினாள். அவர் மழையைப் பார்த்து, "பெய்யி, பெய்யி, உன்னால ஒண்ணும் ஆகாது," என்று சவால் விட்டார்.

கணக்கு ஒன்றும் பெரிய கணக்கு இல்லை. நிறைந்த பெட்டி ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரி ஓடி, காலையில் பாதிக்குச் சற்று மேலே நிற்கும். அதை அவள் தினமும் பார்க்கிறாள். இரண்டு ஆள் சொருகினால் முதல் ராத்திரியோடு சரி. பாசிர் ரிஸ்ஸில் மரத்தடியில் சுவர் கிடையாது, சுவரில் செருக அவளும் இருக்க மாட்டாள். இரண்டாவது ராத்திரி எந்திரம் நிற்கும். அப்போது அவள் ஈப்போவில் தங்கை பக்கத்தில் படுத்திருப்பாள்.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். பெட்டிமேல் அவருக்கு இருக்கிற நம்பிக்கை அன்றோடு போகும். நம்பிக்கை போனால், "அப்ப நீ எப்படிப் போவ?" என்பார். சிவானியின் கையில் வேறு யாரோ முதல் வளையலைப் போடுவார்கள். சொல்லாமல் பஸ் ஏறிவிடலாம். ஒரு ராத்திரி எந்திரம் இல்லாவிட்டால் ஆள் செத்துப்போக மாட்டார், திணறுவார், எழுந்து உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான் என்றுகூட மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பாத்திரம் தேய்க்கும்போது அது நியாயமாகத்தான் பட்டது. படுக்கப் போகும்போது படவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் காப்பிக்கடைக்குப் போகவில்லை. படுக்கையறையில் கட்டில் மேல் கூடாரக் குச்சிகளைப் பரப்பி, வளைந்ததை நிமிர்த்திக்கொண்டிருந்தார். பூவம்மா அதே கட்டிலின் மறு ஓரத்தில் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க. அந்தப் பெட்டி மழையில ஏறல."

"ஏறுதே. நேத்துகூட ஃபுல்லு."

"நான் ஏத்துனேன். நீங்க கீழ போனதும் சுவத்துல போட்டேன்."

அவர் குச்சியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "நேத்தா?"

"மழ பெஞ்ச நாளெல்லாம்."

வெளியே லிஃப்ட் வந்து நின்று, யாரோ இறங்கிப் போனார்கள்.

"அப்ப அன்னிக்கு நான் கத்திக் கூப்புட்டப்ப... கரண்டிய வச்சுக்கிட்டு ஆமாங்கன்னு நின்ன."

"நின்னேன்."

"கையூம்கிட்ட நான் சாய்வுன்னு சொன்னேன் பூவு. காப்பிக்கடையில எல்லார்கிட்டயும் சொன்னேன். அவன் பொண்டாட்டிகிட்ட சண்ட போட்டுக் கெளம்புறான், என்ன நம்பி."

"அதுக்குத்தான் இப்ப சொல்றேன். ரெண்டு பேருக்கு ரெண்டு ராத்திரி இது தாங்காது. இன்னிக்கு சுவத்துல போட்டு ரொப்புங்க. ஒரு ராத்திரி மட்டும் இருந்துட்டு வாங்க. அவரையும் ஒண்ணு வாங்கிக்கச் சொல்லுங்க. இல்ல, வீட்டுலயே இருங்க, வீட்டுல சுவரு இருக்கு."

"ஒரு பெட்டியவே எங்கிட்ட மறைச்சு மறைச்சு ஓட்டியிருக்க. இனிமே அத எப்படி நம்பிப் படுக்குறது? நீயும் இல்லாம?"

வரும் என்று அவள் நினைத்திருந்த கேள்விதான். வந்தபோது, நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"பெட்டி பொய் சொல்லல, நான்தான் சொன்னேன்," என்றாள் பூவம்மா. "நிறைஞ்சிருந்தா அது நிக்காம ஓடும். அன்னிக்கு நான் இல்லாமத்தான் தூங்குனீங்க, அடிச்சுப் போட்ட மாதிரி. நான் டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். உங்கள மறந்துட்டுத்தான் குடிச்சேன். மூணு வருஷத்துல அது ஒரு டீ."

அவர் குச்சியை நிமிர்த்தத் தொடங்கினார். அது ஏற்கெனவே நிமிர்ந்திருந்தது.

"நாளைக்கு நான் பஸ் ஏறுறேங்க. திங்கக்கிழமை வந்துருவேன். கடலுக்குப் போங்க, போகாம இருங்க, அது உங்க இஷ்டம். ஆனா பெட்டிய சுவத்துல போட்டுக்குவீங்களா?"

அழகப்பன் குச்சிகளை ஒவ்வொன்றாகத் துணிப்பைக்குள் போட்டார். பையின் வாய்க் கயிற்றை இழுத்தார், முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார். அவள் பக்கம் திரும்பவில்லை.

பூவம்மா மடித்த புடவையை மற்றதன்மேல் வைத்து, அடுக்கை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டாள். அவர் பதில் சொல்வாரா என்று அறை வாசலில் நின்று பார்த்தாள். பிறகு ஈப்போவுக்கான பையில் அடுக்க, அறையைவிட்டு வெளியே போனாள்.